ஆவணி மூலத்தன்று வரும்

குதிரைகள் ஆவணி மூலத்தன்று வந்துசேரும் என்று வாதவூரர் பாண்டியனுக்குச் சொன்னபோது அவர் கையில் ஒரு குதிரைகூட இல்லை. குதிரை வாங்கக் கொண்டுபோன கருவூலப் பணமெல்லாம் திருப்பெருந்துறையில் கோயிலாக எழும்பிவிட்டது. பாண்டியன் அரிமர்த்தனன் ஓலை மேல் ஓலை அனுப்புகிறான். ஏதாவது ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். இறைவன் ஒரு நாளைச் சொன்னான், வாதவூரர் அதையே திருப்பிச் சொன்னார். அவர் பிறந்த இதே திருவாதவூரில் குடியிருந்துகொண்டு, ஒத்தக்கடை வழியாக இலந்தைக்குளம் ஐடி பூங்காவுக்குப் போய்வந்து சாப்ட்வேர் வேலையில் பிழைக்கும் எனக்கு, இந்தக் கதையில் எல்லோரும் உருகும் இடங்களைத் தாண்டி இந்த ஒரு பதில்தான் நெடுநாளாக உறுத்துகிறது. ஒவ்வோர் ஆவணியிலும் திருமறைநாதர் கோயிலிலிருந்து, மாணிக்கவாசகரான அந்த வாதவூரர் புறப்பட்டு மதுரைக்குப் போகிறார். அந்தப் புறப்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அவருக்குத் தேதி சொன்னவன் அதை நிறைவேற்றும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டான். எங்களுக்குத் தேதி சொல்கிறவர்கள் யார்? சொன்ன பிறகு அவர்கள் எங்கே போய்விடுகிறார்கள்?

எங்கள் குழுவில் வேலை கான்பன் முறையில் நடக்கிறது. சுவரில் ஒரு போர்டு, அதில் பத்திகள், பத்திகளில் கார்டுகள். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஓர் எண் எழுதியிருக்கும். டெஸ்டிங் பத்தியில் 3 என்று போட்டிருந்தால் நாலாவது கார்டு அதற்குள் நுழையக் கூடாது. எழுதி முடித்தவன் தன் கார்டை அங்கே தள்ளிவிட்டு அடுத்த வேலையைத் தொட முடியாது, டெஸ்டிங்கில் இடம் விழும்வரை பொறுக்க வேண்டும், முடிந்தால் அங்கே போய்க் கைகொடுக்க வேண்டும். டொயோட்டாவில் தைச்சி ஓனோ 1950களில் கார் உதிரிப்பாகங்களுக்காக வளர்த்தெடுத்த ஏற்பாடு இது. அடுத்த கட்டத்தில் நிற்பவர் கேட்டால்தான் முந்தைய கட்டத்தில் இருப்பவர் செய்ய வேண்டும், கேட்காததைச் செய்து குவிக்கக் கூடாது. இதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது: உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, வேலைகள் வந்துபோகும் வேகத்தையும் ஒரு வேலை உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. வேகம் மாறாதவரை, கையில் எடுப்பதைக் குறைத்தால் தங்கும் நேரமும் குறைந்துதான் ஆக வேண்டும். ஓடி ஓடி வேலை பார்க்கச் சொல்லாத ஒரு முறை என்பதாலேயே எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணே, கான்பன்ல டெட்லைனே கிடையாதாமே?" கிடையாது என்றால் பொய், உண்டு என்றால் அரை உண்மை. இந்த இடைவெளியில்தான் என் சங்கடம் குடியிருக்கிறது.

சாப்ட்வேர் உலகில் இந்த முறையின் தொடக்கக் கதையே கெட்டுப்போன தேதிகளின் கதைதான், அதுவும் நம் பக்கத்தில் நடந்தது. 2004இல் மைக்ரோசாப்ட் தன் ஊழியர்களுக்காகவே வைத்திருந்த உள் சாப்ட்வேர்களைப் பராமரிக்க எக்ஸ்ஐடி என்ற பிரிவில் ஒரு சிறு குழு இருந்தது. எழுதுபவர்களும் சோதிப்பவர்களும் ஹைதராபாத்தில், பொறுப்பாளர் டிராகோஸ் டுமிட்ரியு அமெரிக்காவில். ஒரு சின்ன மாற்றம் கேட்டால் கைக்கு வர ஐந்து மாதம் ஆகும். சொன்ன தேதிக்கு எதுவும் வருவதில்லை. டுமிட்ரியுவுடன் டேவிட் ஆண்டர்சன் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது என்னவென்றால், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் எஸ்டிமேட் கொடுக்க வேண்டும் என்றொரு விதி. செய்துகொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எஸ்டிமேட் போட வேண்டும். குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதிலேயே போய்க்கொண்டிருந்தது. தேதி சொல்லும் வேலை, அந்தத் தேதியைக் காப்பாற்ற வேண்டிய வேலையைத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் எஸ்டிமேட்டை அடியோடு நிறுத்தினார்கள். கையில் எடுப்பதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். எடுத்த வேலை 25 நாளுக்குள் வரும் என்ற ஒரே வாக்கை மட்டும் கொடுத்தார்கள். முதல் மாற்றங்களுக்கு ஆள் யாரையும் கூட்டவில்லை. 2005 முடிவதற்குள் 155 நாள் என்பது சராசரி 14 நாளாகிவிட்டது. நூற்றுக்கு 98 வேலைகள் அந்த 25 நாள் வாக்குக்குள் வந்தன. ஆண்டர்சன் 2010இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். கதையை எழுதியவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள், செய்தவர்கள் ஹைதராபாத்தில் இருந்தவர்கள். வாசிக்கும்போது எஸ்டிமேட் சுமை இறங்கிய அந்த முதல் வாரத்தில் அவர்கள் எப்படி மூச்சுவிட்டிருப்பார்கள் என்றுதான் என் மனம் போகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 25 நாள் என்பது அவர்கள் தங்கள் வேகத்தைப் பார்த்துத் தாங்களே வைத்துக்கொண்ட தேதி. வெளியிலிருந்து வந்து உட்காரும் தேதிக்கு அந்தக் கதையில் முழு விடை இல்லை.

வெளியிலிருந்து வரும் தேதி எப்படி இருக்கும் என்பதை 2025 செப்டம்பர் காட்டியது. 3ஆம் தேதி இரவு, ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது. 12 சதவீதம், 28 சதவீதம் என்ற இரண்டு படிகளும் போகின்றன. 5, 18 மட்டும் நிற்கும், சிலவற்றுக்கு 40. நடைமுறைக்கு வருவது 22ஆம் தேதி, நவராத்திரியின் முதல் நாள். ஆவணி மூலம் வந்தது அறிவிப்பு வந்த வாரத்தில்தான். கடைக்காரர்களுக்கு பில் போடும் சாப்ட்வேர் செய்கிறவர்களுக்கு 19 நாள். பார்ப்பதற்குச் சின்ன வேலை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 18 என்று இருப்பதை 5 ஆக்கு, நெய்க்கு 12 என்று இருப்பதை 5 ஆக்கு, அவ்வளவுதானே என்றுதான் கேட்பார்கள். கார்டைப் பிரித்துப் பார்த்தால்தான் ஆழம் தெரியும். 20ஆம் தேதி சரக்கு போய்விட்டது, பில் 23ஆம் தேதி போடுகிறார்கள், பணம் அதற்குப் பிறகு வருகிறது என்றால் எந்த விகிதம்? சட்டத்தின் 14ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. சரக்கு போன நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என்ற மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம். அப்படியானால் இந்த பில்லுக்குப் புது விகிதம். முன்பணம் 15ஆம் தேதியே வாங்கியிருந்தால் அதே சரக்குக்குப் பழைய விகிதம். இதைவிடப் பொல்லாதது திரும்பி வரும் சரக்கு. ஆகஸ்டில் 18 சதவீதத்தில் விற்ற பெட்டி அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் 18இல்தான் போக வேண்டும், ஆனால் பொருள் பட்டியலில் இப்போது 5 என்று இருக்கிறது. விகிதத்தைப் பொருளோடு ஒட்டி வைத்திருந்த சாப்ட்வேர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் சறுக்கும். விகிதம் பொருளுக்கும் சொந்தமில்லை, கடைக்கும் சொந்தமில்லை, விற்ற நாளுக்குச் சொந்தம்.

புராணத்தில் ஆவணி மூலத்தன்று குதிரைகள் சொன்னபடி வந்தன. பாண்டியன் கண்குளிரப் பார்த்தான். குதிரைச் சேவகனாக வந்தவன் கயிறு மாற்றிக் கொடுத்தான். கயிறு மாறிவிட்டால் அதற்குப் பிறகு குதிரை வாங்கியவனுடையது, விற்றவனைக் கேட்க முடியாது. அன்று இரவே அவை நரிகளாயின. ஓடிப்போனதோடு நிற்கவில்லை, லாயத்தில் முன்பே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறின. பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களில் நரி பரியானதையும் பரி நரியானதையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ரிலீஸ் வேலையில் இருக்கும் எவரும் இந்த வரிசையை வாசித்தால் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். தேதியன்று எல்லாம் ஓடும், டெமோவில் எல்லோரும் தலையாட்டுவார்கள், சைன்-ஆப் வந்துவிடும். மறுநாள் காலை முதல் கிரெடிட் நோட்டு போடும்போது ஊளைச் சத்தம் கேட்கும். புது வேலை மட்டும் கெட்டால் தாங்கலாம், நேற்றுவரை சரியாக ஓடிக்கொண்டிருந்ததும் சேர்ந்து கெட்டுப்போகிறது. இறைவனின் விளையாட்டை எங்கள் அலுவலக வேலையோடு சேர்த்துப் பேசுவது சரியா என்று ஒரு தயக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் தேதி, வாக்கு, ஒப்படைப்பு, தண்டனை என்று நாலையும் ஒரே கதையில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

தேதி குறித்த வேலைக்குக் கான்பனில் தனி வகை உண்டு. மற்றவை காலி இடம் விழும்போது வரிசைப்படி போகும். இவை தேதியைப் பார்த்துப் போகும். எங்கள் போர்டில் அவற்றுக்கு ஊதாக் கார்டு. ஊதாக் கார்டை எப்போது எடுப்பது என்பதுதான் முழு வித்தையும். சீக்கிரம் எடுத்தால் அவசரமில்லாத ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்திவிடும். தாமதமாக எடுத்தால் கடைசி வாரம் ராத்திரி வேலைதான். மேலூர்ப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பெரியாறு பிரதானக் கால்வாயின் கீழ் 85,563 ஏக்கர் ஒருபோகம். வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் தேதியை அரசாணை சொல்லும், 120 நாள் என்ற கெடுவையும் அதுவே சொல்லும். சம்சாரி அந்த இரண்டுக்கும் நடுவில் பின்னாலிருந்து எண்ணுகிறான். நாற்றுக்கு இத்தனை நாள், கதிர் முற்ற இத்தனை நாள். திறப்பு முன்னதாக இருந்தால் 145 நாள் போகும் பிபிடி 5204ஐ நினைத்துப் பார்ப்பான், தள்ளிப்போனால் 105, 110 நாளில் வரும் கோ 51க்கு மாறிக்கொள்வான். 145 நாள் நெல்லை அதட்டி 110 நாளில் அறுக்க முடியும் என்று எந்த ஊர்ச் சம்சாரியும் நினைத்ததில்லை. தேதி அசையாது என்றால் ரகத்தை மாற்று. எங்கள் வேலையில் ரகத்தை மாற்றுவது என்பது தேதியன்று எது போகும், எது போகாது என்று முதல் நாளே பிரிப்பது. 22ஆம் தேதி காலை பில் சரியாக விழ வேண்டும், அது தவறவே கூடாது. திரும்பி வரும் சரக்கும் சரியாக இருந்தாக வேண்டும். விற்பனை அறிக்கையில் பழைய விகிதம், புது விகிதம் என்று இரண்டு பத்தி அழகாக வருவது அடுத்த மாதம் வரலாம். இப்படிப் பிரித்துச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் மாறும். அந்த முகத்தை இரண்டு நிமிடம் தாங்கத் தெரிந்தவர்தான் குழுத் தலைவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னாலிருந்து எண்ணுவதற்கு ஒரு நீளம் வேண்டும். நெல்லுக்கு அது விதைப் பையிலேயே இருக்கிறது. எங்களுக்கு அது எங்கள் பழைய கார்டுகளில்தான் இருக்கிறது. இந்த அளவு வேலை இதற்கு முன் எடுத்த நாளிலிருந்து முடிந்த நாள்வரை எத்தனை நாள் உள்ளே இருந்தது என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், நூற்றில் எண்பத்தைந்து கார்டுகள் எந்த நாளுக்குள் முடிந்தன என்று தெரியும். அந்த நாளைத் தேதியிலிருந்து கழித்தால் எடுக்க வேண்டிய நாள். மீதிப் பதினைந்தைப் பற்றி என்ன சொல்வது? கீழமாசி வீதியில் மொத்தக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் இதை ஒருமுறை விளக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 22ஆம் தேதி காலை அவர் கடையில் லாரி நிற்கும், பில் விழ வேண்டும், எண்பத்தைந்து சதவீத பில் என்று ஒன்று கிடையாது. ஆனால் நான் "வரும்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும்போது அந்தப் பதினைந்து எங்கே போகிறது? காணாமல் போவதில்லை, டெஸ்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ராத்திரியாக மாறுகிறது. என் வாய் கொடுத்த உறுதியை அவளுடைய தூக்கம் கட்டிமுடிக்கிறது. நிகழ்தகவை வாடிக்கையாளரிடம் சொல்வதா வேண்டாமா என்று பெரிய பெரிய ஆட்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், அந்தப் பதினைந்தைக் குழுவுக்குள் யார் தலையில் வைக்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசுவது. தேதிக்கு முன்னால் சில நாள்களைக் காலியாக விட்டுவைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். காலியாக விட்ட நாளைப் பார்த்ததும் யாராவது ஒரு கார்டைக் கொண்டுவந்து அதில் வைக்கிறார்கள். அதைத் தடுப்பதற்குத்தான் தைரியம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் என்னை ரொம்பவும் அரிக்கிறது. ஊதாக் கார்டு எல்லாம் உண்மையான ஊதா இல்லை. ஆண்டர்சன் தன் உதாரணப் போர்டில் 20 கார்டுக்கு 4 மட்டும் தேதிக் கார்டு என்று இடம் ஒதுக்குகிறார். அப்படியானால் மீதி நெகிழும், நெகிழ்வதால்தான் அந்த நாலும் நேரத்துக்குப் போய்ச்சேரும். எல்லாமே ஊதாவானால் ஒதுங்கி வழிவிட ஒன்றும் இருக்காது. இந்தச் சாதாரண உண்மை எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தேதிகளை உற்பத்தி செய்கிறார்கள். "சும்மா ஒரு தேதி போட்டு வைங்க, அப்பதான் வேலை நடக்கும்" என்ற வாக்கியத்தை இந்தத் தொழிலில் கேட்காதவர் இருக்க முடியாது. ஜூலை 31 வருமான வரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு, தவறினால் வட்டியும் தாமதக் கட்டணமும் என்று விளைவு இருக்கிறது. சும்மா போட்ட தேதிக்குக் காரணமும் இல்லை, விளைவும் இல்லை. ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது. குழுவில் இருப்பவர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த பிறகு நிஜமான தேதி வந்து நிற்கும்போதும் அதே அலட்சியத்தோடு பார்க்கிறார்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பயத்தோடு ஓடுகிறார்கள். இரண்டுமே பாழ். பாண்டியனுக்கு அந்தக் குதிரைகள் எந்தப் போருக்கு, எந்த நாளுக்குள் வேண்டியிருந்தன என்று கதையில் யாராவது கேட்டார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஓலை வந்தால் பதில் போனது, அவ்வளவுதான்.

வாதவூரரை மன்னன் வைகை மணலில் வெயிலில் நிறுத்தியதும் ஆற்றில் வெள்ளம் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. கரை அடைக்க வீட்டுக்கு இத்தனை முழம் என்று அளந்து கொடுத்தார்கள். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவள் வீட்டில் மண் சுமக்க ஆள் உண்டா என்று அளந்தவன் கேட்கவில்லை. பங்கு எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிந்தது, கணக்குப் பார்க்கச் சுலபம். வெள்ளத்தின் அவசரம் பொய்யில்லை, அது சும்மா போட்ட தேதியில்லை. நிஜமான தேதியே ஆனாலும், சுமையைப் பிரிக்கும்போது சுமப்பவரின் பலத்தைப் பார்க்காமல் பிரித்தால் ஓர் இடத்தில் கரை திறந்தே கிடக்கும். வந்தியின் பங்கு அடையவில்லை என்பதற்காக, அவளுக்குக் கூலியாளாக வந்த இறைவனின் முதுகில் பிரம்பு விழுந்தது. அந்த அடி அரசன்மேலும் பட்டது, ஊரில் எல்லோர்மேலும் பட்டது என்கிறது புராணம். பத்திகளின் தலையில் எண் எழுதுவது எனக்கு இந்த இடத்தில்தான் புரியத் தொடங்கியது. அந்த எண் வேலையை வேகப்படுத்த வந்தது என்றுதான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள், இவ்வளவுதான் சுமக்க முடியும் என்று, தேதி கொண்டுவருகிறவர் கண்ணில் படும்படி எழுதி வைத்த அளவு அது. ஊதாக் கார்டு வந்தாலும் அந்த எண்ணை அழிக்கக் கூடாது, வேறொரு கார்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அது உள்ளே வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிடிவாதம் எல்லா நேரமும் செல்லுபடியாவதில்லை. செப்டம்பர் 22க்கு முந்தைய வாரத்தில் எண்களைக் காப்பாற்றிய குழுக்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே நம்பிக்கை குறைகிறது.

இதை எழுதும் 2025இன் கடைசி மாதங்களில் அடுத்த ஊதாக் கார்டு போர்டில் ஏறியிருக்கிறது. 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் பிடித்தங்களுக்கு நாம் பழகிய 194சி, 194ஜே போன்ற எண்கள் போய், பெரும்பாலானவை 393 என்ற ஒரே பிரிவுக்குள் வருகின்றன. ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு வவுச்சரிலும் அந்தப் பழைய எண்கள் ஒட்டியிருக்கின்றன. மார்ச்சில் பிடித்ததற்குப் பழைய எண், ஏப்ரலில் பிடித்ததற்குப் புது எண், மார்ச் காலாண்டின் கணக்கை மே மாதம் தாக்கல் செய்யும்போது இரண்டு எண்களும் ஒரே சாப்ட்வேருக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு 19 நாள்தான் கிடைத்தது என்று குறைப்பட்டுக்கொண்டவர்களுக்கு இதற்கு ஏழு மாதத்துக்கு மேல் கிடைத்திருக்கிறது, அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. தூரத்தில் தெரியும் தேதியை யாரும் தேதியாக நினைப்பதில்லை. பிப்ரவரியில் எடுத்தால் போதும் என்கிறார்கள் பலர். எங்கள் பழைய கார்டுகளின் கணக்குப்படி டிசம்பர் கடைசிக்குள் எடுத்தாக வேண்டும், அதற்கு இப்போது உள்ளே இருக்கும் இரண்டு கார்டுகளை வெளியே வைக்க வேண்டும். எந்த இரண்டு என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.